பல் பிரிட்ஜுக்கு அடியில் எப்படிச் சுத்தம் செய்வது? (கீழ்க் கடைவாய், 35–36–37)

நெல்லைச்சீமை | பதிவு 1

வீட்டுப் பெரியவருக்குக் கீழ் இடது கடைவாயில் மூன்று பல் பிரிட்ஜ். எடுத்த பல் 36 (பல் மருத்துவர்கள் பல்லுக்கு வைக்கும் எண்). இரு பக்கமும் உள்ள 35, 37 இரண்டையும் சீவி கேப் போட்டிருக்கிறது. மெட்டல் செராமிக் (உலோகத்தின் மேல் பீங்கான்), கிளாஸ் அயனோமர் சிமெண்ட், ஒட்டி 2 வாரம் ஆகிறது. 37-க்கு ரூட் கெனால் முடிந்தது, 35 உயிருள்ள பல். சர்க்கரை உண்டு. வலது கை விரல் மூட்டுகளில் வீக்கம்.

பிரஷ் பிடிப்பதில் சிக்கல் இல்லை. கேட்க வந்தது அடிப்பக்கம் பற்றி. மூன்றும் ஒட்டியிருப்பதால் மேலிருந்து நூல் இறங்காது. சூப்பர் ஃப்ளாஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள், உள்ளூர் மருந்துக்கடையில் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் வாட்டர் ஜெட் வாங்கினால் போதுமா? மவுத்வாஷ் தினமும் வேண்டுமா? என்ன அறிகுறி தெரிந்தால் உடனே ஓட வேண்டும்?

பல்லாங்குழி (செயற்கைப்பல் மருத்துவர்) | பதிவு 2

பீங்கானுக்குச் சொத்தை வராது. அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு பிடிமானப் பல்லும் சொந்தப் பல். கேப் முடியும் ஓரத்துக்கும் ஈறுக்கும் நடுவே, மோதிரம் போட்ட மாதிரி சுற்றிலும் ஒரு கோடு ஓடும். சொத்தை புகுவது அந்தக் கோட்டில். வயதானவர்களுக்கு ஈறு இறங்கியிருந்தால் அங்கே எனாமலும் கிடையாது, வெறும் வேர்ப்பகுதி. எனாமல் கரைய வாயின் பிஎச் (எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடுகிறது என்று பொருள்) 5.5 வரை இறங்க வேண்டும். வேர்ப்பகுதி 6.2 – 6.7 அளவிலேயே கரையத் தொடங்கிவிடும்.

உங்கள் விஷயத்தில் 37 ரூட் கெனால் செய்த பல். நரம்பு இல்லாததால் உள்ளே சொத்தை எவ்வளவு போனாலும் வலிக்காது. வலித்தால் போகலாம் என்று இருந்தால், பிரிட்ஜோடு பல்லும் முறிந்து கையில் வரும்போதுதான் தெரியும். அந்த 37-ன் பின்பக்கச் சுவரும், போலிப்பல்லை (36-ன் இடத்தில் நிற்பது) பார்த்த முன்பக்கச் சுவரும்தான் இந்த பிரிட்ஜின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

சூப்பர் ஃப்ளாஸ் ஒரே இழைதான், ஆனால் மூன்று பகுதி. ஒரு முனை ஊசி மாதிரி விறைப்பாக இருக்கும், நடுவில் பஞ்சு போல உப்பலாக, கடைசியில் சாதாரண நூல். ஓட்டுவது இப்படி:

விறைப்பு முனையைக் கன்னப் பக்கமிருந்து, 35-க்கும் போலிப்பல்லுக்கும் இடையில், இணைப்புக்குக் கீழே ஈறை ஒட்டிய முக்கோணச் சந்தில் நுழையுங்கள். நாக்குப் பக்கம் முனை எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்தால் பஞ்சுப் பகுதி அடியில் வந்து நிற்கும். இப்போது இரண்டு கையாலும் பிடித்து, போலிப்பல்லின் அடிவயிற்றில் இங்குமங்குமாக 5, 6 முறை தேயுங்கள். பிறகு 35-ன் பின்சுவரை நூலால் அரைவட்டமாக அணைத்து மேலும் கீழும் 5, 6 முறை. அடுத்து நூலை அடியிலேயே நகர்த்திக்கொண்டு போய் 37-ன் முன்சுவரில் அதே மாதிரி. முடிந்ததும் ஒரு கையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவுங்கள். மேலே தூக்கி இழுத்தால் இணைப்பில் மாட்டும்.

பழகும்வரை கண்ணாடி முன் 5 நிமிடம் ஆகும். பழகினால் ஒரு நிமிடம். இரவு படுக்குமுன் ஒரு தடவை போதும்.

ஈறோடு (பல் சுகாதாரப் பணியாளர்) | பதிவு 3

சூப்பர் ஃப்ளாஸ் கிடைக்காவிட்டால் ஃப்ளாஸ் த்ரெட்டர் கேட்டுப் பாருங்கள். பூத் தொடுக்கும் ஊசிக்குப் பெரிய காது வைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம். சாதாரண ஃப்ளாஸ் நூல் 40 – 45 செ.மீ. வெட்டி அந்தக் காதில் கோர்த்து, மேலே டாக்டர் சொன்ன அதே வழியில் நுழைக்கலாம். கழுவி மறுபடி பயன்படுத்தலாம், முனை மடங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆனால் விரல் மூட்டு வீங்கிய கைக்கு நூல் கதை நடக்காது. நூலை நாக்குப் பக்கம் பிடிக்கவே விரல் மடங்க வேண்டும். அவருக்கு இன்டர்டென்டல் பிரஷ்தான் (பல் சந்துக்குள் விடும் கம்பி வைத்த சின்ன பிரஷ்) சரி. ஒரே கையால் பிடிக்கலாம், நீளக் கைப்பிடி வைத்ததும் வருகிறது.

அளவுதான் முக்கியம். டெப்பே பிரஷ்ஷில் ஆரஞ்சு 0.45 மி.மீ., சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7, பச்சை 0.8 சந்துக்கு. வேறு கம்பெனியில் இதே நிறம் வேறு அளவாக இருக்கும், நிறத்தை நம்பி மாற்றி வாங்காதீர்கள். சரியான அளவு என்றால் மயிர் இரண்டு பக்கமும் லேசாக உரசும், நடுக்கம்பி எதிலும் முட்டாது. தயங்கி நின்றால் அடுத்த சிறிய அளவு. ஒரே பிரிட்ஜில் 35 பக்கச் சந்துக்கு ஒன்று, 37 பக்கத்துக்கு ஒன்று என இரண்டு அளவு தேவைப்படுவது சாதாரணம்.

கன்னப் பக்கமிருந்து நேராக நுழைத்து 3, 4 முறை முன்னும் பின்னும். உள்ளே வைத்துக்கொண்டு திருகக் கூடாது, கம்பி கழுத்தில் ஒடிந்துவிடும். கடைவாய்க்கு, நுழைக்குமுன் கழுத்தை விரலால் லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூசிய கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். பூச்சு இல்லாத கம்பி உலோக ஓரத்தில் பட்டால் கூச்சமும் வரும், கீறலும் விழும்.

37-க்குப் பின்னால் பல் இல்லை என்றால் அதன் பின்சுவரை எந்தப் பிரஷ்ஷும் சரியாகத் தொடாது. அதற்கு ஒரு அங்குல அகலக் கட்டுத்துணி போதும், மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் பேண்டேஜ். ஒரு சாண் வெட்டி நீளவாக்கில் மடித்து, பல்லின் பின்னால் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இடவலமாக இழுங்கள். முதல் நாள் வெள்ளைத் துணியில் என்ன வருகிறது என்று பார்த்தாலே பிரஷ் எதை விட்டுவைத்தது என்று புரியும். இதற்கு இரண்டு கை வேண்டும், வீட்டில் யாராவது செய்துவிடலாம்.

குழாயடி | பதிவு 4

இவ்வளவு வித்தை எதற்கு? வாட்டர் ஜெட் 30 நொடியில் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளிவிடுமே. நூல் பிரிட்ஜைத் தூக்கிவிடும் என்றும் சொல்கிறார்களே?

பல்லாங்குழி | பதிவு 5

நூல் பட்டுக் கழன்றது என்றால் அந்த பிரிட்ஜ் முன்பே கழன்றுவிட்டது, நூல் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். நல்ல சிமெண்டில் நிற்கும் பிரிட்ஜைக் கழற்ற எங்களுக்கே வெட்ட வேண்டியிருக்கிறது.

ஈறோடு | பதிவு 6

ஜெட் நல்லதுதான் அண்ணே. ஆனால் அது அடித்துத் தள்ளுவது சோற்றுப் பருக்கை, கீரை நார், முருங்கைச் சக்கை. பல்லில் வழவழவென்று ஒட்டும் படலம் இருக்கிறதே, அது எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பாத்திரம் மாதிரி. தண்ணீர் ஊற்றினால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர், கை வராதவர் என்று வரும்போது நான் ஜெட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரவு இன்டர்டென்டல் பிரஷ், பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெட். இரண்டும் சேர்ந்தால் நூல் இல்லாமலே காலம் தள்ளலாம். வெதுவெதுப்பான தண்ணீர், முதல் வாரம் குறைந்த அழுத்தம். முனையைப் பல்லுக்குச் செங்குத்தாக, ஈறு ஓரத்தை ஒட்டிப் பிடியுங்கள். ஈறுக்குள் குத்துகிற மாதிரி கீழ்நோக்கிச் சாய்க்காதீர்கள். வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக்கும் சட்டைக்கும் குளியல்.

மெழுகுப்பல் (பல் லேப்) | பதிவு 7

லேப் பக்கத்திலிருந்து சில விஷயம். எல்லாரும் கேப்பைப் பற்றியே பேசுறீங்க, நடுப்பல்லோட அடிப்பக்கம் எந்த வடிவத்துல இருக்குன்னு யாரும் கேக்கல. அதுதான் சுத்தம் பண்றது சுலபமா கஷ்டமான்னு தீர்மானிக்குது.

கீழ்க் கடைவாய்ல ரெண்டு வடிவம் வரும். ஒண்ணு, ஈறைத் தொடாம 2 – 3 மி.மீ. தூக்கி நிக்கிறது. பாக்க அழகா இருக்காது, நாக்குக்கு ஓட்டை மாதிரி தட்டும், ஆனா பிரஷ்ஷே அடியில போயிடும். இன்னொண்ணு, கன்னப் பக்கம் மட்டும் ஈறை லேசா தொட்டு, நாக்குப் பக்கம் சரிவா விலகிப் போறது. இதுக்கு நூலோ பஞ்சோ வேணும். எதுவா இருந்தாலும் அடிவயிறு வெளிப்பக்கம் உப்பி இருக்கணும். சேணம் மாதிரி ஈறு மேல கவிழ்ந்து உக்காந்திருந்தா குழிவுக்குள்ள எந்த நூலும் தொடாது. நூல் போட்டுப் பாத்தா தெரியும். பஞ்சு இழுக்க இழுக்க ஒரே சீரா உரசுதுன்னா வடிவம் சரி. ரெண்டு ஓரத்துல மட்டும் பிடிச்சு நடுவுல காத்துல போகுதுன்னா குழிவு இருக்கு.

அப்புறம், நூல் எப்பவும் ஒரே இடத்துல பிசிறுதா? அது நூலோட தரம் இல்ல. அங்க சிமெண்ட் மிச்சம் ஒட்டியிருக்கு, இல்ல கேப் ஓரம் துருத்திட்டிருக்கு, இல்ல சொத்தை ஆரம்பிச்சிருக்கு. 2 வாரம்தான் ஆச்சுங்கறதால முதல் சந்தேகம் சிமெண்ட் மிச்சம். டாக்டர் கொக்கிக் கருவி வெச்சு 2 நிமிஷத்துல எடுத்துடுவார். விட்டா ஈறு சிவந்து வீங்கும்.

பல்பொடி, உமிக்கரி, உப்பு, செங்கல் பொடி எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். பீங்கான் மேல கண்ணாடி மாதிரி ஒரு மெருகு ஏத்தி அனுப்புறோம். அது தேஞ்சா மேற்பரப்பு சொரசொரன்னு ஆகி டீக்கறையும் படலமும் சீக்கிரம் பிடிக்கும். மறுபடி மெருகு ஏத்தணும்னா சூளையில வெக்கணும், வாயில ஒட்டினதுக்கு அது நடக்காது. பாலிஷ் மட்டும் போடலாம்.

கடிக்கிற விஷயம். நடுவுல ஒரு பல் தொங்குற பிரிட்ஜ் வளையுற அளவை 1-ன்னு வெச்சா, ரெண்டு பல் தொங்கினா 8, மூணு தொங்கினா 27. நீளத்தோட மும்மடிக்கு (2×2×2, 3×3×3) வளைவு கூடும், பாலம் கட்டுற இஞ்சினியருக்கும் இதே கணக்குதான். இவருக்கு ஒரு பல்தான், பயம் இல்ல. ஆனா உலோகம் வளையும், பீங்கான் வளையாது. அதனால சிலும்பும். நல்லி எலும்பு, கரும்பு, கொட்டைப்பாக்கு, பொரிவிளங்காய் உருண்டை இதெல்லாம் அந்தப் பக்கம் கடிக்காம இருந்தா போதும். முறுக்கு, சீடையை உடைச்சு வாயில போடுங்க.

மருந்துச்சீட்டு (மருந்தாளுநர்) | பதிவு 8

மவுத்வாஷ் கேள்விக்கு. தினமும் தேவையில்லை. மருத்துவர் எழுதினால் குளோர்ஹெக்சிடின் 0.2%, 10 மி.லி., ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும், நாளுக்கு 2 முறை, பொதுவாக 2 வாரத்துக்கு மேல் போவதில்லை. அதிகமானால் பல்லிலும் பீங்கானிலும் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். டீ, காபி குடிப்பவருக்குக் கறை இன்னும் வேகம். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் இந்த மருந்தை முறித்துவிடும், எனவே பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும். இதைக் கடையில் பாதிப் பேர் சொல்வதில்லை.

பேஸ்ட் வாங்கும்போது டியூபின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் பேஸ்ட்டுக்கு அனுமதி 1000 பிபிஎம் ஃபுளோரைடு வரை. அந்த எண்ணுக்கு அருகில் உள்ளதை எடுங்கள். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. பிடிமானப் பல்லின் வேரைக் காப்பது அதுதான். தேய்த்த பின் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்துங்கள், சொம்புத் தண்ணீரில் பலமுறை கொப்பளித்தால் ஃபுளோரைடும் கூடப் போய்விடும்.

அவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் கேப் ஓரச் சொத்தை வேகமாகப் போகும்.

நெல்லைச்சீமை | பதிவு 9

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பிரஷ் விட்டால் 37 பக்கம் ரத்தம் வருகிறது, தொடரலாமா நிறுத்தலாமா? குளிர்ந்த தண்ணீர் பட்டால் 35 கூசுகிறது, கூடவே அந்தப் பக்கம் கடிக்கும்போது முதலில் முட்டுகிற மாதிரி இருக்கிறதாம். "பழகிடும்" என்கிறார்.

பல்லாங்குழி | பதிவு 10

ரத்தம் வந்தால் நிறுத்தாதீர்கள். படலம் தேங்கி வீங்கிய ஈறு அது, தினமும் சுத்தம் செய்தால் ஒரு வாரம், பத்து நாளில் நிற்கும். 2 வாரம் தாண்டியும் வந்தால் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு ஈறு ஆறுவது தாமதம். ஈறு வீக்கம் சர்க்கரையையும் ஏற்றிவிடும். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) எண்ணையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முட்டுவது பழகாது. தலைமுடி அளவு உயரம் கூடினாலும் ஒவ்வொரு கடிக்கும் அந்தப் பல்லின் வேர்ச் சவ்வு அடி வாங்கும். 35 கூசுவதற்கே அது காரணமாக இருக்கலாம். வண்ணத்தாளைக் கடிக்க வைத்து, மை ஒட்டிய புள்ளியைத் தேய்த்து, பாலிஷ் போட்டால் முடிந்தது. இந்த வாரமே போங்கள்.

உயிருள்ள பல்லைச் சீவியதால் வரும் கூச்சம் சில வாரத்தில் தானாகக் குறையும். குளிர் பட்டு, தண்ணீரை விழுங்கிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால், அல்லது ராத்திரி தானாக விண்விண் என்று தெறித்தால், நரம்பு கெடுகிறது என்று பொருள். அதற்காக பிரிட்ஜைக் கழற்ற வேண்டியதில்லை, கேப்பின் மேலேயே துளையிட்டு ரூட் கெனால் செய்யலாம்.

ஓட வேண்டிய அறிகுறி கேட்டிருந்தீர்கள். எனக்கு முதல் பயம் ஒன்றே ஒன்று: ஒரு பக்கக் கேப் மட்டும் சிமெண்ட் விட்டுப் போவது. இரண்டும் விட்டால் பிரிட்ஜ் கழன்று விழும், தெரிந்துவிடும். ஒன்று மட்டும் விட்டால் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு மெல்லலுக்கும் விட்ட கேப் மேலும் கீழும் அசைந்து, பம்பு மாதிரி எச்சிலையும் சர்க்கரையையும் உள்ளே இழுக்கும். சில மாதத்தில் பல் உள்ளே கூழாகிவிடும்.

வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. நல்ல வெளிச்சம், கண்ணாடி. வாயில் எச்சில் ஈரம் இருக்கட்டும். 37 கேப்பின் மேல் விரலை வைத்து அழுத்தி, பின் கன்னப் பக்க ஓரத்தை நகத்தால் மேலே தூக்குகிற மாதிரி நெம்புங்கள். கேப் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்து போனால் விட்டுவிட்டது. 35-லும் அப்படியே. குமிழி இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பக்கமிருந்து நூலை முகர்ந்தால் தினமும் அழுகல் வாடை, சாப்பிட்டபின் ஒரு கெட்ட ருசி ஊறுவது, இவையும் அதே கதைதான். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் நெம்பி விளையாட வேண்டாம்.

குழாயடி | பதிவு 11

கழன்றே விழுந்துவிட்டால்? ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஃபெவிக்விக்?

மெழுகுப்பல் | பதிவு 12

ஐயா சாமி, வேண்டாம்! பசை காய்ஞ்சு கேப்புக்குள்ள கல்லாட்டம் படிஞ்சிடும், அப்புறம் பிரிட்ஜ் பல்லுல உக்காராது. நாங்க சுரண்டி எடுக்குறதுக்குள்ள ஓரம் போயிடும்.

பல்லாங்குழி | பதிவு 13

விழுந்ததைக் கழுவி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். டிஷ்யூ தாளில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும். பேசினில் கழுவும்போது வடிகாலில் அடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். சீவிய பல் இரண்டையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக வைத்திருங்கள். ஒன்றிரண்டு நாளில் போய்விடுங்கள், வாரக்கணக்கில் விட்டால் பல் நகர்ந்து பழைய பிரிட்ஜ் உட்காராமல் போகும்.

வெளியே போயே ஆக வேண்டும் என்றால் பல்செட்டு ஒட்டும் பசை துளி வைத்துத் தற்காலிகமாக உட்கார வைக்கலாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. விழுங்கியது போல் இருந்து, இருமல் நிற்காவிட்டால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரேவில் தெரியும்.

உள்ளே சொத்தை இல்லை, ஓரம் கெடவில்லை என்றால் அதே பிரிட்ஜைத் திரும்ப ஒட்டலாம். ஏன் விட்டது என்று பார்க்காமல் வெறுமனே ஒட்டிக் கொடுத்தால் அது மீண்டும் விழும்.

ஈறோடு | பதிவு 14

செக்கப் போகும்போது இரண்டு விஷயம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்று, "கீழ் இடது பக்கம் பிரிட்ஜ் இருக்கிறது" என்று கிளீனிங் தொடங்குமுன். அதிரும் ஸ்கேலர் முனை பீங்கானிலோ கேப் ஓரத்திலோ பட்டால் சிலும்பும், சிமெண்டும் தளரும். அங்கே கைக்கருவியால் எடுப்போம்.

இரண்டாவது, ஃபுளோரைடு ஜெல் வைத்தால் புளிப்பு வகை வேண்டாம். 1.23% ஏபிஎஃப் ஜெல் பீங்கான் மெருகை அரித்துவிடும். நடுநிலை சோடியம் ஃபுளோரைடு 2%, இல்லாவிட்டால் 5% வார்னிஷ் கேளுங்கள்.

6 மாதத்துக்கு ஒரு தடவை, சர்க்கரை கட்டுக்குள் இல்லாத காலத்தில் 3, 4 மாதத்துக்கு ஒரு தடவை. எக்ஸ்ரே எப்போது என்று டாக்டர் சொல்வார், 37-ஐ மட்டும் மறக்காமல் கேளுங்கள், அதுதான் வாய் திறக்காத பல்.

நெல்லைச்சீமை | பதிவு 15

கடைசியாக ஒன்று. ராத்திரி எது முதலில், பிரஷ்ஷா இன்டர்டென்டலா?

ஈறோடு | பதிவு 16

இன்டர்டென்டல் முதலில். அடியில் கிளம்பிய குப்பையைப் பிறகு பிரஷ் எடுக்கும், பேஸ்ட்டின் ஃபுளோரைடும் சந்துக்குள் போகும். சூப்பர் ஃப்ளாஸ் பிறகு கிடைத்தால் வாங்கி வையுங்கள், 50 இழை டப்பாவாக வரும். நீங்களே வாரத்துக்கு இரண்டு தடவை அவருக்கு ஓட்டிவிடலாம். முதல் தடவை நாக்குப் பக்கம் முனையைப் பிடிக்க முடியாமல் வழுக்கும், விரலில் கொஞ்சம் கட்டுத்துணி சுற்றிக்கொள்ளுங்கள்.